சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிய தூக்குவாளி

தாம்பரத்தைத் தாண்டினால் பாம்புதான் இருக்கும் என்று என் அம்மா சொன்னாள். இருந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பாம்பு எங்களை ஒன்றும் செய்யவில்லை, நாங்களும் அதை ஒன்றும் செய்யவில்லை. எங்களைப் படாத பாடு படுத்தியது பால்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நானும் என் வீட்டுக்காரரும் சிறு வயது மகளும் பெரம்பூரில் இருந்த ஒண்டுக் குடித்தனத்தைக் காலி செய்துவிட்டு, தாம்பரத்திலிருந்து படப்பை போகும் சாலையில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். ஒரு ஏரி, அதன் கீழே நெல்வயல், ஒரே ஒரு தெரு, தெருமுனையில் டீக்கடை. அவ்வளவுதான் ஊர். அங்கே பெரிய வீடு என்று எல்லோரும் சொல்லும் ஒரு குடும்பம், சாலையோரத்துக் கொல்லையைத் துண்டு போட்டு விற்றது. முதல் துண்டை வாங்கியவர்கள் நாங்கள். வாங்கச் சொல்லி நச்சரித்தவள் நான். இன்றைக்கும் அதை மார்தட்டிக்கொண்டு சொல்வேன்.

என் வீட்டுக்காரர் சாது. காலையில் பஸ் பிடித்துத் தாம்பரம் போவார். அங்கிருந்து மின்சார ரயிலில் கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகம். பகல் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவார். யாரோடும் வம்புக்குப் போக மாட்டார். நான் அப்படி இல்லை. பெரம்பூர்க் குழாயடியில் வளர்ந்தவள் நான். அங்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றால், வெறுங்குடத்தோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவரே சொல்லுவார், ரயில் வருகிற சத்தத்திலும் உன் குரல் கேட்கும் என்று.

இரண்டு அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் ஓர் உறைக்கிணறு. இதுதான் வீடு. கரண்ட் வருவதற்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயின. முதல் மாதம் கிணற்றுக் கயிறு என் உள்ளங்கையை உரித்தது. அடுப்பில் சவுக்கு மிளாறு புகைந்து புகைந்து, சமையல் செய்கிற நேரமெல்லாம் அழுத கண்ணாகவே இருந்தேன். என் அம்மா பார்க்க வந்தபோது அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்துவிடு என்றாள். அது அழுகை இல்லை, புகை என்று சொன்னேன். பாதி உண்மை.

ஆனால் மண் என்னை ஏமாற்றவில்லை. கத்தரி வந்தது, வெண்டை வந்தது, வேலியில் பூசணி படர்ந்தது. எங்கள் சர்ச்சில் வருடாவருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். பெரம்பூரில் இருந்தவரை நாங்கள் மார்க்கெட்டில் வாங்கின காய்கறியைத்தான் வைத்தோம், எல்லோரும் அப்படித்தான். அந்த வருடம் தாம்பரம் சர்ச்சுக்கு என் வேலியில் காய்த்த பூசணியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் அதைக் கீழே வைக்கச் சொன்னார். முடியாது என்றேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவளைக் கீழே வை என்று சொல்வாரா அவர்?

ஊர்க்காரர்கள் எங்களிடம் மரியாதையாகத்தான் இருந்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள் என்பதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டணத்துக்காரர்கள் என்பதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு அடையாளமே 'பட்டணத்தாங்க வூடு' என்பதுதான். தபால்காரர் முதற்கொண்டு அப்படித்தான் சொன்னார். வந்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் போய்விடுவார்கள் என்கிற பொருள் அதில் இருந்தது. எனக்கு அது சுருக்கென்று தைக்கும்.

அந்தப் பெயரை மாற்றுவதற்காகவே மாடு வாங்கினேன் என்று சொன்னால் பொய்யில்லை.

மாடு பெரிய வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் எல்லாவற்றையும் நடத்தியவர் ஓர் அக்கா. எனக்குப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், நல்ல உயரம், இடுப்பில் சாவிக்கொத்து. நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதிலிருந்து மாட்டுக்கு வைக்கோல் போடுவதுவரை அவர் குரல் கேட்டால்தான் நடக்கும். அந்த வீட்டில் ஒரு கொட்டில் நிறைய மாடு இருந்தது. அதில் ஒன்றைக் கன்றோடு எனக்குக் கொடுத்தார். சந்தன நிறம், நெற்றியில் மட்டும் கறுப்பு. கயிற்றை என் கையில் கொடுக்கும்போது அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். இது எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி, பாத்துக்கோங்க என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

கறப்பதற்குப் பெரிய வீட்டு ஆள் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஒரு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. மாடு கத்தியது. மடி கல்லாய் இறுகிவிட்டது. என் வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். வேறு வழியில்லாமல் நானே உட்கார்ந்தேன். முதல் நாள் உதைத்தது. இரண்டாம் நாளும் உதைத்தது. என் விரல்கள் இரவில் சோற்றைப் பிசையக்கூட மறுத்தன. ஆனால் நாளாக ஆகப் பால் சொட்டுவது நின்று பீய்ச்சத் தொடங்கியது. பாத்திரத்தின் அடியில் சர் சர்ரென்று சத்தம், அப்புறம் நுரை. அந்த நுரையைப் பார்த்த அன்று நான் பெரம்பூரில் இருந்த என் பழைய அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு வரிசையாக நிறுத்திக் காட்ட ஆசைப்பட்டேன். என் வலது கட்டைவிரல் மூட்டில் அப்போது காய்த்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. மோதிரத்தைக் கழற்றச் சொன்னாலும் கழற்றுவேன். இதைக் கரைக்க விட மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் பால் சொசைட்டி புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை சைக்கிளில் வரும் வியாபாரிகள் பாலை வாங்கித் தாம்பரத்துக்குக் கொண்டுபோவார்கள். இப்போது எங்கள் பக்கத்து மனையிலேயே ஓலைக் கொட்டகை போட்டு, காலையும் மாலையும் எல்லோரும் அங்கே கொண்டுவந்து ஊற்றினார்கள். வாங்கி அளப்பவர் பெரிய மீசை வைத்த ஓர் அண்ணன். நல்ல மனிதர். வேலைக்குப் புதிது. அவரிடம் பால்மானி என்று ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது, அடியில் குண்டு, கழுத்தில் கோடுகள். உயரமான டம்ளரில் பாலை ஊற்றி அதை மிதக்கவிடுவார். பால் நல்ல பாலாக இருந்தால் குழாய் மேலே நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் கீழே இறங்கும். மேலே நின்றால் 'டிகிரி இருக்கு' என்பார், பால் பெரிய கேனுக்குப் போகும். எல்லார் வீட்டுப் பாலும் ஒரே கேனில்தான். ஒரு வீடு தண்ணீர் கலந்தால் ஊரே கலந்த மாதிரி, லாரியில் வருகிறவர்கள் கேனையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் சுத்தத்தில் கொஞ்சம் பைத்தியம். பட்டணத்தில் பால் என்றாலே பயந்து பயந்து காய்ச்சிக் குடித்த பழக்கம். அதனால் தினமும் விடிவதற்கு முன் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைப்பேன். தூக்குவாளியில் அந்தக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சுழற்றி, கொட்டிவிட்டு, அந்தச் சூட்டோடேயே மாட்டுக்கடியில் உட்கார்ந்து கறப்பேன். கறந்து முடித்ததும் மூடியை அழுத்தி மூடிவிடுவேன், தூசி விழக்கூடாது. பக்கத்து மனைதானே, நுரை அடங்குவதற்குள் கொண்டுபோய் நீட்டுவேன். வரிசையில் முதல் ஆள் எப்போதும் நான்தான். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு பெரிய வீட்டு ஆட்கள் குடத்தோடு வரும்போது நான் வீடு திரும்பிக்கொண்டிருப்பேன். இவ்வளவு புதுப் பாலை இந்த ஊரில் யார் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குள் ஒரு கர்வம்.

சித்திரை பிறந்ததும் வெயில் காலையிலேயே அடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் மீசைக்கார அண்ணன் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தார், எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். என்னைப் பார்க்காமல், டிகிரி கொஞ்சம் கொறையுது என்றார். மாட்டுக்குப் பச்சைப்புல் அதிகமாகப் போட்டுவிட்டேனோ என்று நினைத்துத் தவிடும் பிண்ணாக்கும் கூட்டினேன். மறுநாளும் குறைந்தது. அதற்கு அடுத்த நாளும். நான்காவதோ ஐந்தாவதோ நாள், என் தூக்குவாளியை மூடி என் பக்கமாக நகர்த்திவிட்டார்.

"இத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடுங்கம்மா. கேன்ல ஊத்த முடியாது."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது, எல்லோர் காதிலும் விழுந்தது. அன்றைக்குப் பார்த்து ஆட்களோடு பெரிய வீட்டு அக்காவும் வந்திருந்தார். அவர் முன்னால் வந்து டம்ளரைப் பார்த்தார். குழாய் கோட்டுக்குக் கீழே அமிழ்ந்து நின்றது.

"எங்க வூட்டுல கட்டியிருந்த வரைக்கும் இந்த மாட்டுப் பாலு நல்லா நின்னுச்சு," என்றார். பிறகு வரிசையின் பக்கம் திரும்பினார். "வாளியில சுடுதண்ணி ஊத்துறத நானே ஒரு நாளு பாத்தேன். ஊத்துனதைப் பாத்தேன். கொட்டுனதைப் பாக்கல."

வாய் நீளம் என்று பெருமை பேசிக்கொண்டவள், அன்றைக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்தேன். வழக்கமாக நான் பேசாமல் வரும் ஆள் இல்லை என்பதே ஊருக்கு நான் குற்றவாளி என்று காட்டியிருக்கும்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்கு மறக்காது. எங்களிடம் தயிர் வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் வாங்குவதை நிறுத்தின. டீக்கடையில் என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சு நின்றுவிடும் என்று சொன்னார். பட்டணத்துக்காரர்கள் பாலில் தண்ணீர் கலப்பார்கள் என்பது அவர்களுக்கு ஆச்சரியமாக இல்லை, எதிர்பார்த்ததுதான் நடந்தது என்கிற முகத்தோடு இருந்தார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. ஜெபம் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடிக் குழாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். மாட்டை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், வேண்டாம் இந்த வம்பு. மனையையும் வேண்டுமானால் விற்றுவிட்டுப் பெருங்களத்தூர் பக்கமோ தாம்பரத்திலேயோ ஒரு வீடு பார்க்கலாம் என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும்.

"போறதா இருந்தாகூடப் போகலாம்," என்றேன். "ஆனா பால்ல தண்ணி ஊத்தினவங்கன்னு பேர் வாங்கிக்கிட்டுப் போக மாட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மாட்டைக் கறக்கவில்லை. தண்ணீரும் கொதிக்க வைக்கவில்லை. சொசைட்டியில் வரிசை சேரட்டும் என்று காத்திருந்து, மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தேன். கன்று உள்ளேயே கத்தியது, இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க எனக்குக் கை போதவில்லை. பார்த்தால் என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் டிபன் டப்பாவுமாக, மறு கையில் கன்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார். வம்பு வேண்டாம் என்ற மனிதர் அவர். அன்றைக்கு அவருடைய பஸ் எங்கள் கண்ணெதிரே போய்விட்டது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கொட்டகைக்கு முன்னால் போய் நின்றேன். அக்கா அன்றைக்கும் வந்திருந்தார். எனக்கு அதுவே வேண்டியிருந்தது. மீசைக்கார அண்ணனிடம், பாத்திரத்தை நீங்களே கொடுங்கள், நான் இங்கேயே கறக்கிறேன் என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சொசைட்டிச் செம்பு ஒன்றை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். முந்தானையால் உள்ளே துடைத்தார், மோந்து பார்த்தார், என் கையில் கொடுத்தார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவில், அத்தனை ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்தேன். டீக்கடையிலிருந்து கிளாஸோடு எழுந்து வந்தவர்களும் உண்டு. கூட்டத்தைக் கண்டு மாடு மிரண்டது. கன்றை விட்டு ஊட்டவைத்துவிட்டு அதன் தொடையில் என் தலையைச் சாய்த்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அசைபோடத் தொடங்கியது, பால் இறங்கியது. சர் சர்ரென்று சத்தம் வந்ததும் கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. பட்டணத்தாங்க வூட்டு அம்மா கறப்பதை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆள் வைத்துத்தான் கறக்கிறோம் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அந்த நிமிஷத்தில், தீர்ப்பு எதுவானாலும் ஆகட்டும், இதை இவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

செம்பை அண்ணனிடம் கொடுக்கவில்லை. அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அவரிடம் கொடுத்தார். அவர் டம்ளரில் ஊற்றிக் குழாயை மிதக்கவிட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குழாய் இறங்கியது. இறங்கிக் கோட்டுக்குக் கீழே போய் நின்றது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். பின்னால் இருந்து ஒருவர், அப்போ மாட்டுக்குள்ளயே தண்ணி கீதா என்று கேட்டார், சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு என்மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வாரமாக வராமல் போன வாய் மொத்தமாகத் திரும்பி வந்தது.

அக்கா பக்கம் திரும்பினேன். தண்ணீர் நான் கலக்கவில்லை என்று ஊரே பார்த்துவிட்டது, அப்படியானால் நீங்கள் கொடுத்த மாடுதான் மோசமான மாடு என்றேன். தன்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார், மாட்டைச் சொன்னால் பொறுப்பாரா? அதன் தாய் எவ்வளவு கறந்தது, தாயின் தாய் எந்தச் சந்தையிலிருந்து வந்தது, அதன் பாலைக் குடித்து எத்தனை பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. மாட்டை விற்றவர் கறவை ஆளை ஒரே வாரத்தில் நிறுத்தியது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். குரலில் அவர் எனக்குக் குறைந்தவர் இல்லை, வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகியவர். நான் குழாயடி. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பேசினோம். டீ கிளாஸ்கள் காலியாகிவிட்டன, யாரும் நகரவில்லை. கன்று என் வீட்டுக்காரரின் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவில் மீசைக்கார அண்ணன் கையை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. இங்க வந்து பாருங்க."

டம்ளரிலேயே விட்டுவைத்திருந்த குழாய் கோட்டுக்கு மேலே வந்து நின்றுகொண்டிருந்தது. நான் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை என்றார் அவர். எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டார். மேலேயே நின்றது. இன்னொருவர் வந்து விட்டுப் பார்த்தார். அப்போதும் நின்றது. அக்கா டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் செம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

பால் ஆறியிருந்தது. நுரை முழுக்க அடங்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். கறந்த சூட்டோடு, நுரையோடு இருக்கிற பால் இளகி இருக்கும், குழாய் இறங்கும். ஆறினால் கெட்டிப்படும், குழாய் ஏறும். மற்ற எல்லோரும் ஏரிக்கரையைச் சுற்றி நடந்து வருவதற்குள் அவர்கள் பால் ஆறிவிடும். பெரிய வீட்டில் இருந்தவரை இந்த மாட்டுப் பாலும் அப்படி ஆறி வந்துதான் நன்றாக நின்றது. நானோ கொதித்த தண்ணீரில் வாளியைச் சுடவைத்து, மூடி போட்டு அழுத்தி, பக்கத்து மனையிலிருந்து ஓடி வந்து முதல் ஆளாக நீட்டியிருக்கிறேன். பனிக்காலத்தில் அதுவும் சீக்கிரம் ஆறியிருக்கும், சித்திரை வெயிலில் ஆறவில்லை. சுத்தமாகக் கொடுக்க வேண்டும், புதுசாகக் கொடுக்க வேண்டும் என்று நான் எதையெல்லாம் பெருமையாகச் செய்தேனோ, அதெல்லாம் சேர்ந்துதான் என்னைக் கலப்படக்காரி ஆக்கியிருக்கிறது. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பால் தானாக ஆறி எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. வாயைக் குறை, குறை என்று என் அம்மா ஆயுசு முழுக்கச் சொன்னாள். நான் அன்றைக்கு இரண்டே நிமிஷத்தில் வாயை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடம் கேட்டேன்.

அன்றைய பால் கேனுக்குப் போனது. நாளையிலிருந்து நீங்கள் வரிசையில் கடைசி ஆள் என்று மீசைக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் ஆளாக இருந்த நான் அன்றிலிருந்து கடைசி ஆள். கறந்து, மூடியைத் திறந்து, நிழலில் வைத்துவிட்டு, மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, ஆற அமரப் போவேன். ஒரு நாள்கூட டிகிரி குறையவில்லை. தயிர் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், எதுவுமே நடக்காத மாதிரி. தை மாதம் மாட்டுப் பொங்கலுக்கு யாரோ எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து மாட்டின் கொம்புக்கு நீலமும் சிவப்பும் அடித்துவிட்டுப் போனார்கள். யார் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. பெருங்களத்தூர் வீட்டைப் பற்றி என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

பெரிய வீட்டு அக்கா மட்டும் என்னிடம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அன்றைக்குத் தெருவில் குழாய் மேலே நிற்பதைப் பார்த்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர்தான். தப்பு என்று சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. என் வீட்டிலும் கிடையாது. வழியில் பார்த்தால் தலையை அசைப்பார், நானும் அசைப்பேன். மற்றவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊத்துனதைப் பாத்தேன், கொட்டுனதைப் பாக்கல என்ற அந்த ஒரு வாக்கியம் என் காதில் கிடந்தது. சொன்னவர் எடுத்தால் ஒழிய அது போகாது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாம்பரத்தில் பிரசவம், ஆண் குழந்தை. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தாய்ப்பால் போதவில்லை என்பதும் காதில் விழுந்தது.

ஒருநாள் காலை, நான் இன்னும் கறக்க உட்காரவில்லை, மழை தூறிக்கொண்டிருந்தது, வாசலில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அக்கா முக்காடு போட்டுக்கொண்டு, கையில் பளபளவென்று தேய்த்த ஒரு வெள்ளிச் சொம்போடு நின்றார். ஆளை அனுப்பாமல் அவரே வந்திருந்தார்.

"பேரனுக்குப் பாலு வேணும். ஒத்த மாட்டுப் பாலாக் குடுக்கணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

உங்கள் கொட்டிலிலேயே அத்தனை மாடு இருக்கிறதே என்று கேட்டேன். வேண்டுமென்றுதான் கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியுமா?

"கீது," என்றார். "ஆளுங்க கறக்கறாங்க. எவன் கை, எந்தப் பாத்திரம், நான் இன்னாத்தைக் கண்டேன்? உன் கையப் பாத்துக்கீறேன்."

நீங்க, வாங்க என்றே பேசிக்கொண்டிருந்தவர் முதல்முறையாக என்னை நீ என்றார். சொம்பை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கப் போனவர் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது வேணாம். நீ சுடுதண்ணி ஊத்திக் கழுவுவ இல்ல, அந்தத் தூக்குவாளியிலயே குடு."

நான் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதித்ததும் வாளியில் ஊற்றி, மூன்று சுற்றுச் சுழற்றி, வாசலுக்குக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே, கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துக் கொட்டினேன். தூறலில் ஆவி பறந்தது.

அக்கா அதைப் பார்க்கவில்லை. மாட்டின் பக்கம் போய் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அத்த இன்னாத்துக்கு எனக்குக் காட்டுற," என்றார். "உக்காந்து கற. புள்ள பசியில அழுவுது."